வகுப்பறைக்குள் வந்த வயல்

உயர்தர வகுப்பில் தாவரவியல் செய்முறைப் பாடத்துக்காக எங்கள் ஆய்வுகூடத்தின் யன்னலோரத்தில் ஒரு தவணை முழுவதும் ஏழு போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். வேரில் வெளிச்சம் படக்கூடாது, பட்டால் நீரில் பாசி பிடித்துவிடும் என்பது ஆசிரியரின் கண்டிப்பான உத்தரவு. போத்தலின் வாயில் துளையிட்ட தக்கை. துளையில் பஞ்சு சுற்றிய ஒரு சோள நாற்று. முதற் போத்தலில் செடிக்கு வேண்டிய உப்புகள் எல்லாம் இருந்தன. மற்ற ஆறிலும் ஒவ்வொன்று குறைவு. ஒன்றில் நைதரசன் இல்லை, அடுத்ததில் பொசுபரசு இல்லை. பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், இரும்பு என்று வரிசை நீண்டது.

என் பொறுப்பில் வந்தது நைதரசன் இல்லாத போத்தல். மூன்றாம் வாரத்திலேயே அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கின. பக்கத்துப் போத்தலில் பச்சைப் பசேலென்று நின்ற செடியைப் பார்க்கையில் எனக்கு வெட்கமாக இருந்தது. நான்தான் சரியாகப் பராமரிக்கவில்லையோ என்ற ஐயம் வேறு. ஆசிரியர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "தம்பி, முழுக் கரைசலில் நிற்கிற செடி எங்களுக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. உம்முடைய செடிதான் சொல்லுது. அது என்ன சொல்லுது என்று எழுதும்" என்றார்.

பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் கழிந்த பின்னர், அமெரிக்கப் பாடசாலைகளில் வகுப்பறைக்குள்ளேயே மாணவர் கீரையும் தக்காளியும் வளர்ப்பது பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் போத்தல் நினைவுக்கு வரும். ஊதாநிற ஒளி உமிழும் விளக்குகள், அடுக்கடுக்கான தட்டுகள், மண்ணே இல்லாத குழாய்களில் ஓடும் நீர். இச்செய்திகளை எழுதுவோர் பெரும்பாலும் இதனை 21ஆம் நூற்றாண்டின் அதிசயமாகவே வருணிக்கிறார்கள். பெரும் வணிகமாக வளர்ந்த ஒரு தொழினுட்பம் இப்போது சிறுவரின் கைக்கும் எட்டியிருக்கிறது என்பது அவர்கள் தரும் சித்திரம். வரலாறு இதற்கு நேர்மாறானது. மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறை, வயலுக்காகவோ சந்தைக்காகவோ தோன்றியதன்று. 'செடி எதை உண்டு வளர்கிறது?' என்ற கேள்விக்கு விடை தேடுவோரின் கருவியாகவே அது பிறந்தது.

இக்கேள்வியை முதன்முதலில் தராசில் ஏற்றியவர்களில் ஒருவர் பிரசெல்ஸ் நகரத்து மருத்துவர் வான் ஹெல்மொன்ட். உலர்த்திய 200 இறாத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டார். ஐந்தாண்டுகள் நீரைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை. முடிவில் மரத்தின் எடை 169 இறாத்தல். மண்ணில் குறைந்ததோ சுமார் இரண்டு அவுன்சு மாத்திரமே. ஆகவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்த பின், 1648இல், இப்பரிசோதனை நூலாக வெளிவந்தது. முடிவு தவறானது. மரத்தின் உடலிற் பெரும்பகுதி காற்றிலிருந்த காபனீரொட்சைட்டிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரே இந்த வான் ஹெல்மொன்ட்தான். அவர் கணக்கில் எடுக்காமல் விட்ட அந்த இரண்டு அவுன்சில்தான் இக்கட்டுரையின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1699இல் இங்கிலாந்தின் ஜோன் வூட்வார்ட் புதினாச் செடிகளை வெவ்வேறு நீரில் வளர்த்துப் பார்த்தார். மழைநீரில் வளர்ந்ததை விடத் தேம்ஸ் நதி நீரில் வளர்ந்த செடி தடித்தது. தோட்டத்து மண்ணைக் கலக்கிய நீரில் வளர்ந்தது அதனினும் தடித்தது. எனவே நீர் மட்டும் போதாது, நீரோடு வரும் ஏதோவொன்றும் வேண்டும் என்பது தெரிந்தது. அந்த 'ஏதோவொன்று' என்ன என்பதை அறிய மேலும் 160 ஆண்டுகள் சென்றன. 1860ஐ அடுத்த ஆண்டுகளில் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் யூலியஸ் சக்ஸ், வில்லெம் நொப் என்ற இருவரும், தூய நீரில் குறிப்பிட்ட சில உப்புகளைக் கரைத்தால் போதும், செடி விதையிலிருந்து விதை வரை வளரும் என்று காட்டினார்கள். கல்சியம் நைத்திரேற்று, பொற்றாசியம் நைத்திரேற்று, பொற்றாசியம் பொசுபேற்று, மகனீசியம் சல்பேற்று, சிறிது இரும்பு. எங்கள் யன்னலோரப் போத்தல்களில் இருந்தது ஏறத்தாழ அதே நொப்பின் கரைசல்தான்.

இம்முறையின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மண் என்பது கலவை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்தறிவது அரிது. நீரிலோ ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்திருக்கலாம். விலக்கப்பட்டதன் வேலை என்ன என்பதைச் செடி தன் இலையில் எழுதிக் காட்டிவிடும். படித்த பேராசிரியருக்கும் பதினேழு வயது மாணவனுக்கும் அந்த எழுத்து ஒரேமாதிரித்தான் தெரியும்.

இக்காலத்தில் பாடசாலைகளுக்குள் செடி வேறொரு வாசலால் வந்துகொண்டிருந்தது. ஒஸ்திரியா 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராமப் பாடசாலைகளுக்குத் தோட்டம் வேண்டும் என்று விதித்தது. நியூயோர்க் நகரில் 1902இல் டி விட் கிளின்டன் பூங்காவில் பனி பார்சன்ஸ் அம்மையார் சிறுவர் பண்ணையைத் தொடங்கினார். இலங்கையிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அரசு பாடசாலைத் தோட்டங்களை ஊக்குவித்தது. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் உழைப்பு, ஒழுக்கம், உணவு ஆகியன. நல்ல நோக்கங்களே. ஆனால் தோட்டத்தில் மாணவன் சொன்னதைச் செய்தான். ஆய்வுகூடத்துப் போத்தலின் முன்தான் அவன் கேள்வி கேட்டான். இவ்விரண்டும் ஒன்றுசேர நெடுங்காலம் பிடித்தது.

போத்தலைப் பண்ணையாக்க முனைந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக்கி. 1929இல் அவர் இதுபற்றி எழுதினார். நீர்த்தொட்டிகளில் 25 அடி உயரம் படர்ந்த தக்காளிக் கொடிகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்ததும் நாடே பரபரப்படைந்தது. 1937இல் இம்முறைக்கு 'ஹைட்ரோபொனிக்ஸ்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. இனி மண்ணே வேண்டாம் என்று சிலர் எழுதினார்கள். பசிபிக் சமுத்திரத்து வேக் தீவில் விமானப் பயணிகளுக்கு இம்முறையில் காய்கறி வளர்க்கப்பட்டது. தம் செய்முறையின் நுணுக்கங்களைக் கெரிக்கி பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க விரும்பவில்லை. எனவே பல்கலைக்கழகம் டெனிஸ் ஹோக்லண்ட், டானியல் ஆர்னன் என்ற இரு விஞ்ஞானிகளிடம் இதனை ஆராயுமாறு ஒப்படைத்தது.

அவ்விருவரும் 1938இல் வெளியிட்ட சிறு பிரசுரம் இன்றைக்கும் படிக்கத்தக்கது. நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலை விட நீரில் கிடைப்பது பெரிதாக மிஞ்சிவிடவில்லை என்று அவர்கள் அடக்கமாகச் சொன்னார்கள். அதோடு எந்த உப்பு எவ்வளவு என்ற அளவுகளை யாவருக்கும் திறந்து வைத்தார்கள். உலகின் எந்த மூலையிலும் ஒரு பள்ளி ஆசிரியர் இன்று இக்கரைசலைத் தாமே கலக்க முடிகிறதென்றால், இத்தகைய வெளிப்படைத்தன்மையே அதற்குக் காரணம்.

அடுத்த திருப்பம் விண்வெளியிலிருந்து வந்தது. நீண்ட பயணத்தில் மனிதர் உண்ணவும் மூச்சுவிடவும் செடி வேண்டும் என்பதால், 1980களின் இறுதியில் நாசாவின் கென்னடி விண்வெளி நிலையத்தில் பூட்டிய கூடமொன்றுக்குள் அடுக்குத் தட்டுகளில் பயிர் வளர்த்துப் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தினர் எல்.ஈ.டி. விளக்கொளியில் செடி வளர்ப்பதற்கு வழி கண்டார்கள். செடிக்குப் பெரிதும் பயன்படுவன சிவப்பும் நீலமும். இன்று படங்களில் நாம் காணும் அந்த ஊதாநிறம் இவ்விரண்டின் கலப்பே.

இதே காலத்தில் மாணவரை நேரடியாக உள்ளே கொண்டுவந்த ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. 1984 ஏப்ரலில் நாசா விண்ணில் விட்ட ஆய்வுக்கலம் ஒன்றில் ஒரு கோடியே 25 இலட்சம் தக்காளி விதைகள் இருந்தன. ஏறத்தாழ ஓராண்டில் மீட்கப்பட வேண்டிய கலம், 1986இன் சலஞ்சர் விபத்து முதலிய தாமதங்களால் 1990 ஜனவரியில்தான் பூமிக்குத் திரும்பியது. ஆறாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக விண்ணிற் சுற்றிய அவ்விதைகள் பாடசாலைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. கூடவே பூமியிலேயே வைத்திருந்த விதைகளும் ஒப்பிடுவதற்காக அனுப்பப்பட்டன. கதிர்வீச்சினால் நச்சுக்காய் காய்க்கக்கூடும் என்றொரு பீதியும் நடுவில் பத்திரிகைகளில் கிளம்பி அடங்கியது. பல இலட்சம் மாணவர் விதைத்து, முளைத்தவற்றை எண்ணி, உயரம் அளந்து எழுதி அனுப்பினார்கள். விண்விதைக்கும் மண்விதைக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதே பொதுவான முடிவு. 'வேறுபாடில்லை' என்பதும் ஒரு கண்டுபிடிப்பு என்று அத்தனை பிள்ளைகள் ஒரே ஆண்டில் கற்றுக்கொண்டதை நான் பெரிய விடயமாகவே கருதுகிறேன்.

அடுக்குமாடிப் பண்ணை என்ற இன்றைய எண்ணமும் ஒரு வகுப்பறையிற் பிறந்ததுதான். 1999இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிக்சன் டெபொமியே கற்பித்துக்கொண்டிருந்தார். மன்ஹற்றன் தீவின் கூரைகளிலெல்லாம் பயிரிட்டால் எத்தனை பேருக்கு உணவளிக்கலாம் என்று அவருடைய மாணவர் கணக்கிட்டார்கள். வந்த விடை, மக்கள் தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர். சோர்ந்துபோன மாணவரிடம், கூரையை விட்டுக் கட்டடத்தின் உள்ளே அடுக்கடுக்காகப் பயிரிட்டால் என்ன என்று அவர் கேட்டார். அதன் பின் ஆண்டுதோறும் வந்த மாணவர் அக்கணக்கைத் தொடர்ந்தார்கள். 2010இல் அது நூலாயிற்று. 2025இல் பேராசிரியர் காலமானார். தோற்றுப்போன ஒரு வகுப்பறைக் கணக்குத்தான் உலகெங்கும் பல கோடி டொலர் முதலீடாக மாறியது என்பதைப் பலர் அறியார்.

அதே நியூயோர்க்கில், வறுமைக்குப் பேர்போன தென் பிரொங்ஸ் பகுதியில், ஸ்டீவன் ரிற்ஸ் என்ற ஆசிரியரின் கதை வேறுவகையானது. 2004இல் யாரோ அனுப்பிய ஒரு பெட்டி நிறைய வெங்காயம் போன்ற கிழங்குகள். மாணவர் ஒருவர்மீதொருவர் எறிந்து விளையாடிவிடுவார்கள் என்று அஞ்சி, வகுப்பறையைச் சூடாக்கும் கருவியின் பின்னால் அவர் ஒளித்துவைத்தார். சில வாரங்களின் பின் வகுப்பில் சண்டை மூண்டபோது ஒரு மாணவன் அங்கே கையை விட்டான். கையோடு வந்தவை மலர்ந்த மஞ்சட் பூக்கள். நீராவியின் ஈரத்தில் கிழங்குகள் பூத்திருந்தன. இதனை ரிற்ஸ் பல மேடைகளிலும் தம் நூலிலும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து செடியை மையமாக வைத்தே அவர் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் அங்குள்ள 55ஆம் இலக்க ஆரம்பப் பாடசாலையின் பழைய நூலகக் கூடம், நீர்த்தூவலில் வேர் நனையும் செங்குத்துக் கோபுரங்களால் நிறைந்த வகுப்பறையானது. கணிதம், வாசிப்பு, விஞ்ஞானம் அனைத்தும் அக்கோபுரத்தைச் சுற்றியே.

ஹட்சன் ஆற்றில் 2007இல் சூரியவொளியாலும் காற்றாலும் இயங்கும் ஒரு மிதக்கும் பசுமைக்கூடம் நிறுத்தப்பட்டது. அதனைக் கண்ட இரு தாய்மார், எங்கள் பிள்ளைகளின் பாடசாலைக் கூரையிலும் இப்படியொன்று இருந்தால் என்ன என்று கேட்டார்கள். 2010இல் மன்ஹற்றன் பாடசாலையொன்றின் மாடியில் அது அமைந்தது. அம்முயற்சி இன்று அந்நகரின் நூற்றுக்கணக்கான பாடசாலைகளுக்குப் பரவியிருக்கிறது.

நியூஜேர்சியின் நெவார்க் நகரில் 2010இல் நடந்தது இக்கதையின் இன்னொரு பக்கம். எட் ஹார்வுட் என்பவர், துணியில் விதைத்து அடியிலிருந்து நீர்த்தூவல் தெளித்துக் கீரை வளர்க்கும் பொறியொன்றை ஆக்கியிருந்தார். அது பிலிப்ஸ் அக்கடமி என்ற பாடசாலையின் உணவுக்கூடத்தில் நிறுவப்பட்டது. பிள்ளைகள் விதைத்து, பறித்து, அங்கேயே உண்டார்கள். அதே தொழினுட்பத்தால் உருவான 'ஏரோபாம்ஸ்' நிறுவனம் பின்னர் பெரும் ஆலை கட்டியது. 2023 ஜூனில் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. 2024 நவம்பரில் 'பவரி' நிறுவனம் கதவையே மூடியது. 2025 மார்ச்சில் 'பிளென்டி' நிறுவனமும் நீதிமன்றம் சென்றது.

இவை ஏன் தடுமாறின? காரணங்கள் பல. ஆனால் முதற் காரணத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்கிட்டுவிடலாம். 100 வாற்று விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் 1.6 அலகு மின்சாரம். முப்பது நாளைக்கு 48 அலகு. அவ்விளக்கின் கீழ் ஒரு மாதத்தில் விளைந்த கீரையைப் பறித்து நிறுத்து, அதன் சந்தை விலையையும் மின்கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். வயலில் சூரியன் இலவசமாகத் தரும் பொருளை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது கரும்பலகையில் தெரிந்துவிடும். கீரைக்கே இப்பாடென்றால், நெல்லும் கோதுமையும் இம்முறையில் ஏன் கட்டுபடியாகா என்பதையும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒரு தொழினுட்பத்தின் அருமையையும் எல்லையையும் ஒரே மேசையில் வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு எளிதிற் கிடைப்பதன்று. வணிகத்தில் தோல்வியாக முடிந்த கணக்கு, வகுப்பறையில் நல்லதொரு பாடமாகிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளையின் கை உள்ளே போக வேண்டும். இன்று விற்பனைக்கு வரும் சில பெட்டிகளில் உப்பை அளப்பதும், நீரின் அமிலத்தன்மையைச் சரிசெய்வதும், விளக்கை ஏற்றி அணைப்பதும் எல்லாம் தானாகவே நடக்கின்றன. மாணவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். செடி செழிக்கிறது, பிள்ளை ஒன்றும் கற்கவில்லை. கரைசலின் அமிலகாரப் பெறுமானம் 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் படிப்பது வேறு. வார இறுதியில் கவனிக்காமல் விட்டதால் அது ஏறிப்போய், இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் இளந்தளிர் வெளிறி நிற்பதைத் திங்கட்கிழமை காலையிற் காண்பது வேறு.

மியாமியின் பெயார்சைல்ட் தாவரவியற் பூங்கா 2015இல் நாசாவுடன் சேர்ந்து தொடங்கிய திட்டம் இந்நிபந்தனையை நன்றாக நிறைவேற்றுகிறது. விண்கலத்தில் உள்ளது போன்ற சிறிய ஒளிப்பெட்டிகள் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. எந்த வகைப் பயிர் சிறிய இடத்தில் நன்றாக வளரும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மாணவர் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளை வளர்த்து அளந்து அனுப்பினார்கள். அவர்கள் பரிந்துரைத்த குள்ளவகை 'பக் சோய்' கீரை, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே சென்றது. 2021இல் அங்கே அது பூத்தபோது விண்வெளி வீரர் மைக் ஹொப்கின்ஸ் சிறு தூரிகையால் மகரந்தம் சேர்த்தார். ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வியை மாணவனிடம் கொடுக்கும் துணிவு இத்திட்டத்தின் சிறப்பு.

இதையெல்லாம் நான் தூரத்துச் செய்தியாக மட்டும் படிக்கவில்லை. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்துக்கான காலம் கடந்துகொண்டிருந்தது. அப்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அந்த மாரியில் வயலோரமாகப் பயணம் செய்கையில் நான் கண்ட நிறம் எனக்கு முன்பே பழக்கமானது. அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகியிருந்தன.

இரசாயனப் பசளையை அளவுக்கு மிஞ்சிக் கொட்டுவது தீங்கு என்பதில் எனக்கு மறுப்பில்லை. இயற்கைப் பசளையின் நன்மையையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோதான். அந்த 46 கிலோவை ஈடுசெய்ய ஏறத்தாழ இரண்டரை முதல் நாலரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதனை நாடு முழுவதற்கும் ஒரே போகத்தில் எங்கிருந்து கொண்டுவருவது? இக்கேள்வி பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் உரிய நேரத்தில் உரத்து எழவில்லை. எழுதுகோல் பிடித்தவன் என்ற வகையில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நாம் நிலத்தை நேசிக்கும் சமூகம் என்று பெருமை பேசுகிறோம். செடி எதை உண்கிறது என்பதைக் கையால் அறிந்த தலைமுறையை உருவாக்கத் தவறிவிட்டோம்.

எனவே ஊதாநிற விளக்குகள் இல்லையே என்று நம் பாடசாலைகள் ஏங்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்டில், மின்விளக்கை நம்பிய பயிர் என்னவாகும் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ரெஜிபோம் பெட்டியும், கடையிற் கிடைக்கும் அல்பேட் கலவையும், நல்ல வெயில் விழும் ஒரு யன்னலும் எந்த ஊரிலும் உண்டு. பெட்டியில் செழிப்பதைப் பறித்துப் பிள்ளைகள் உண்ணட்டும். அதன் பக்கத்தில், உப்புகளைத் தனித்தனியே அளந்து கலக்கிய கரைசலில், ஒன்றை வேண்டுமென்றே குறைத்த ஒரு போத்தலும் நிற்கட்டும்.

எங்கள் ஆசிரியர் இப்போது இல்லை. தவணை முடிவில் என் செடியை வேரோடு எடுத்துப் பார்த்தபோது, இலைகள் சிறுத்துப்போயிருக்க, வேர் மட்டும் முழுக் கரைசற் செடியினதை விட நீண்டிருந்தது. கிடைக்காத ஒன்றைத் தேடி அது போத்தலின் அடிவரை இறங்கியிருந்தது. அதை அளந்து கொப்பியில் எழுதியதும் ஆசிரியர் சிவப்பு மையால் சரி அடையாளம் இட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.